படலை மூடியிருந்தது

பச்சையரிசியைக் காணவில்லை.

சமையலறை அலுமாரியின் கடைசித் தட்டு வரைக்கும் ரதிதேவி கிளறிப் பார்த்துவிட்டாள். புழுங்கலரிசி இருந்தது. பாஸ்மதி இருந்தது. எந்த வருஷத்துப் பாயசத்துக்கோ வாங்கிய சவ்வரிசிகூட இருந்தது. அப்பாவின் வாயில் போட ஒரு கை பச்சையரிசி மட்டும் அந்த வீட்டில் இல்லை.

"பாஸ்மதியும் பச்சரிசிதானே, அதையே போட்டுட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் ஜெயபாலன். மலேசியக்காரர், நகர மையத்தில் வங்கி உத்தியோகம். செத்தவீட்டுக்கு ஐயர் அகப்படாத ஆக்லாந்தில், தேவாரம் மனப்பாடம் என்கிற ஒரே குற்றத்துக்காக எல்லாக் குடும்பங்களுக்கும் கிரியை நடத்திவைப்பவர். நகரின் மேற்கே மாசி என்கிற பகுதியிலிருந்து விடியவே காரை எடுத்துக்கொண்டு ஹில்ஸ்பரோவில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"விசர்க்கதை கதையாதையும் தம்பி!" அப்பாவின் தம்பி குலசிங்கம் சித்தப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டே பாய்ந்தார். "அண்ணை உயிரோட இருக்கேக்கை பாஸ்மதியைத் தொட்டவரோ? கலியாணவீட்டு மணம் மணக்குதெண்டு கோப்பையைத் தள்ளி வைச்ச மனுசன். இப்ப வாய் திறந்து வேண்டாமெண்டு சொல்லமாட்டார் எண்டாப்போலை தீத்திவிடுறதோ?"

முன்னறையில் அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாக எதற்கும் நிமிராத அம்மா கண்மணிகூட ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, சரி. சாண்ட்ரிங்கம் கடை திறந்திருக்கும். போயி வாங்கிட்டு வந்துடுறேன்," என்று ஜெயபாலன் சாவியை எடுத்தார்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

ரதிதேவிதான் எடுத்தாள். வெள்ளைக்காரக் குரல். வயதான, கரகரத்த, வயல்வெளியில் நாய்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"மிஸ்டர் சிங்கத்தின் வீடா?"

"ஓம்... யெஸ்."

"பேப்பரில் பார்த்தேன். இடம் போட்டிருக்கிறார்கள், நேரம் போடவில்லை. எத்தனை மணிக்கு?"

"யார் பேசுறது?"

"கென் மக்காலே. வடக்கே, கைப்பாராப் பக்கம்."

ரதிதேவியின் விரல்கள் தொலைபேசிச் சுருள்கம்பியை இறுக்கிப் பிடித்தன. பதினொரு வருஷம். அந்தக் குரலை அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு துவக்கு வெடிக்கு முந்திய நொடியில்.

"அவரை அனுப்புவதற்கு முன்னால் நான் வரவேண்டும்," என்றது குரல். "ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் முன்னால்."

அப்பாவின் உடல் இருக்கும் மலர்ச்சாலையில் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி திறக்கும். இரண்டு மணிக்குத் தகனம்.

"மூன்று மணிக்கு," என்றாள் ரதிதேவி.

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஏதோ கேட்பதும், "மூன்று மணியாம்" என்று அவன் திரும்பிச் சொல்வதும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது.

"ஆரது பிள்ளை?" என்றாள் அம்மா.

"அப்பாவோடை பழைய கந்தோரிலை வேலை செய்த ஆள் அம்மா."

"வரட்டும், வரட்டும். நாலு பேர் வந்து பாக்கட்டும்."

ரதிதேவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் குப்பைப் பையைத் தெருவோரம் வைக்கப் போன அப்பா, தபால்பெட்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்து கண்ணை மூடிவிட்டார். சத்தமில்லை, சடங்கில்லை. அவ்வளவு மரியாதையாகப் போன மனுசனை, பெட்டிக்குள் படுத்திருக்கும்போது, ஊருக்கு முன்னால் வைத்து ஒருவன் ஏசப்போகிறான். அவள் உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

அந்த வெடியைப் பற்றி இந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் இப்போது இல்லை.

*

அப்பா இரத்தினசிங்கம் இலங்கையில் வவுனியாக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில், காணிப் பகுதியில் இருந்தவர். ஆக்லாந்துக்கு வந்தபோதும் அதே வேலைதான் வாய்த்தது. முடிக்குரிய அரசாங்கக் காணிகளைக் குத்தகைக்குக் கொடுப்பது, பார்வையிடுவது, அரை வருஷத்துக்கு ஒருதரம் வாடகை கேட்பது. அரசாங்கம் காடு வெட்டிப் புல் விதைத்து, சீட்டுக் குலுக்கிக் கொடுத்த ஆட்டுப் பண்ணைகள். சீட்டு விழுந்த குடும்பங்கள் போய்க் குடியேறின. அப்பா அவர்களைக் 'குடியேற்றக்காரர்' என்றுதான் சொல்வார், வவுனியாவில் சொன்னதுபோலவே.

"அங்கை குளம், இங்கை மழை. அங்கை நெல்லு, இங்கை ஆடு. மற்றும்படி எல்லாம் ஒண்டுதான். வாடகை கேக்கிறவனைக் கண்டா ரெண்டு நாட்டிலும் நாய்தான் முதல் வரும்."

பள்ளிக்கூட விடுமுறையில் ரதிதேவியும் அப்பாவின் கொறோனா காரில் ஏறிக்கொள்வாள். அவளுக்கு ஒரு பதவி இருந்தது: படலை திறக்கிறவள். பண்ணைப் பாதையில் நூறு கெஜத்துக்கு ஒரு படலை. கார் நிற்கும், அவள் இறங்கித் திறப்பாள், கார் தாண்டும், அவள் சாத்திவிட்டு ஓடிவந்து ஏறுவாள். சப்பாத்து முழுக்கச் சேறு. ஆட்டுப்புழுக்கை மணம். கால்மாட்டில் அம்மா கட்டித்தந்த இடியப்பப் பெட்டி.

"திறந்து கிடந்தா திறந்தபடி விடு. மூடிக் கிடந்தா மூடிப்போட்டு வா," என்பார் அப்பா. "ஆரின்ரை காணியெண்டாலும் அதுதான் முறை."

இன்னொரு முறையும் அவரிடம் இருந்தது. குத்தகைக்காரர் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அதிலும் நோலீன் என்கிற பெண், கென் மக்காலேயின் மனைவி, விடாப்பிடியானவள். கொறோனாவின் சத்தம் கேட்டதும் கோப்பையில் தேநீரோடு படலைக்கே வந்துவிடுவாள். "நோ தேங்க் யூ, மிஸஸ் மக்காலே," என்பார் அப்பா, தொப்பியைத் தொட்டு. அவளும் சளைக்கமாட்டாள், கோப்பையை வேலிக்கட்டையின் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திரும்பும்போது பார்த்தால் அது அப்படியே ஆறிப்போய் இருக்கும். ஒரு தடவை அதில் ஒரு குருவி குடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வாய் குடிச்சாத்தான் என்னப்பா? பாவம் அவ."

"வாடகை கேக்கிற வாய் அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கக்கூடாது பிள்ளை. குடிச்சா, கேக்கேக்கை குரல் இறங்கிப்போம்."

பிறகு எண்பத்தாறு வந்தது.

அரசாங்கம் விவசாயிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தை நிறுத்திக் கையைக் கழுவிவிட்டது. வங்கி வட்டி கண்ணைக் கட்டியது. ஓர் ஆட்டை லொறியில் ஏற்றி அனுப்பும் கூலி, அந்த ஆட்டின் விலையைவிட அதிகம் என்று அப்பா சொன்னபோது அம்மா நம்பவில்லை. வாடகை எங்கிருந்து வரும்? கந்தோரிலிருந்து நோட்டீஸ்கள் புறப்பட்டன. கட்டு, இல்லாவிட்டால் காணியை விடு. அதைத் தபாலில் போட முடியாது. குத்தகைக்காரன் கையில் நேரே கொடுக்கவேண்டும். கொடுக்கிறவர் இரத்தினசிங்கம்.

அந்தக் குளிர்காலத்தில் ரதிதேவி கண்ட ஒரு முகம் இன்னும் மறக்கவில்லை. மக்காலேயின் பக்கத்துப் பண்ணைக் கிழவர். படலையை ஆவென்று திறந்து வைத்துவிட்டு, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கோயிலுக்குப் புறப்பட்டவர்போல நின்றார். அப்பா இறங்கிப் போய்க் கடிதத்தைக் கொடுத்தார். இருவரும் கைகுலுக்கினார்கள். அப்பா திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இயந்திரத்தை முடுக்காமல் இருந்தார்.

மக்காலேயின் படலையோ பூட்டியிருந்தது. முதல் தடவை சங்கிலி. அப்பா இறங்கிப் போய்ச் சங்கிலியைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், திரும்பிவிட்டார். ஏறிக் குதிக்கிற உயரம்தான். வீட்டுப் புகைபோக்கியில் புகையும் வந்துகொண்டிருந்தது. அடுத்த முறை சங்கிலியோடு ஒரு பெரிய பூட்டு. அதையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் முறை மழை தூறியது. படலைக்குக் குறுக்கே ஓர் உழவு இயந்திரம். அதன்மேலே கென் மக்காலே, கையில் துவக்கு.

"திரும்பிப் போய்விடு, சிங்கம்!"

அடுத்த நொடி வெடித்தது.

பதினாறு வயது ரதிதேவி சீட்டுக்குக் கீழே சுருண்டாள். கார் பின்னோக்கிப் பாய்ந்தது, திரும்பியது, ஓடியது. ஒரு வளைவு தாண்டியதும் அப்பா காரை நிறுத்தி இறங்கினார். வேலியைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே இருந்தன.

அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அம்மாவுக்குச் சொல்லாதை பிள்ளை."

அவள் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் அவளைப் பண்ணைப் பக்கம் கூட்டிப்போகவும் இல்லை. கொறோனாவின் முன்சீட்டும் இடியப்பப் பெட்டியும் படலைகளும் அத்தோடு முடிந்துபோயின. பதினொரு வருஷமாக அவளுடைய கோபம் ஒரே ஆள்மீதுதான் இருந்தது. அவள் அப்பாவை அழவைத்தவன். அவளிடமிருந்து அந்தப் பாதைகளைப் பறித்தவன்.

*

மலர்ச்சாலை ஒரு பழைய மரவீடு. முன்னால் ரோசாச்செடிகள், கார் போகும் பாதை, தெருவோரத்தில் ஓர் இரும்புப் படலை. பன்னிரண்டு மணிக்குச் சனம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் ஒரு பக்கம், மலேசியக்காரர் ஒரு பக்கம், இரண்டாம் வரிசையில் அப்பாவின் பழைய கந்தோர் வெள்ளைக்காரர் இருவர். அவர்களில் உயரமானவர் அப்பாவின் மேலதிகாரியாக இருந்தவர்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஜெயபாலனுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை தொடர்ந்துகொண்டிருந்தது.

"எங்க ஊர்ல வந்தவங்க எல்லாருமே வாய்க்கரிசி போடுவாங்க சார்."

"எங்கடை பக்கத்திலை உரித்துக்காரர்தான் போடுறது. அதுவும் பொம்பிளையள். தம்பி, நீர் தேவாரத்தைப் படியும். முறையை நான் பாக்கிறன்."

"முறை நீங்க பாருங்க. நேரத்த யாரு பாக்குறது? ரெண்டு மணிக்குத் தகனம். ஒரு நிமிசம் பிந்துனா அடுத்த பெட்டி வந்து நிக்கும்."

ரதிதேவி சிரிக்கவில்லை. வருபவர்களை வரவேற்கிற சாட்டில் அவள் படலையடிக்குப் போய்விட்டாள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று மணிக்கு அவன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வந்து, உட்கார ஆளில்லாத கதிரைகளோடு கதைக்கட்டும்.

அப்போதுதான் அப்பாவின் குரல் காதுக்குள் கேட்டது. இடியப்பப் பெட்டியைத் திறந்தபடி, எந்தப் பாதையிலோ, எந்த மழைக்குள்ளோ சொன்னது: "மக்காலே ஒருநாளும் நேரம் பிந்தாத ஆள். அவன்ரை வாடகைதான் பிந்தும்."

தெருமுனையில், கூரைவரை சேறு அடித்த ஒரு வண்டி திரும்பியது. பின்னால் நாய்க்கூடு.

ரதிதேவி யோசிக்கவில்லை. இரும்புப் படலையை இரு கைகளாலும் இழுத்துச் சாத்தினாள். கொளுவியை மாட்டினாள். அதன் குறுக்கே நின்றுகொண்டாள்.

வண்டி நின்றது. இறங்கியவர் கிழவராகியிருந்தார். பழைய கோட்டு, புதிதாகக் கட்டிய கழுத்துப்பட்டி. மற்றப் பக்கத்தால் நோலீன் இறங்கினாள். அவள் தலை முழுக்க வெள்ளை.

கென் படலையைப் பார்த்தார். உள்ளே நிறைந்து நின்ற கார்களைப் பார்த்தார். பிணவண்டியைப் பார்த்தார். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் மூன்று மணி என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை.

"நீதானே அந்தக் காரில் இருந்த பெண்?" என்றார்.

"உள்ளே வரவேண்டாம்," என்றாள் ரதிதேவி ஆங்கிலத்தில். "அவர் தன் வேலையைத்தான் செய்தார். உங்களுக்கு என்ன கோபம் இருந்தாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அம்மாவுக்கு முன்னால் வேண்டாம்."

கென் ஓரடி பின்வாங்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"படலை மூடியிருந்தால் ஏறிக் குதிக்கிற ஆள் இல்லை நான்," என்றார். "இது என் சொல் இல்லை. உன் அப்பாவின் சொல்."

ரதிதேவிக்குப் புரியவில்லை.

"அந்த ஆவணியில் ஒருநாள் மாலை போன் பண்ணினார். 'மிஸ்டர் மக்காலே, வியாழக்கிழமை நோட்டீஸ் கொண்டு வருகிறேன். உங்கள் கையில்தான் கொடுக்கவேண்டும். படலை மூடியிருந்தால் ஏறிக் குதிக்கிற ஆள் இல்லை நான்.' அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. வைத்துவிட்டார்."

"இவருக்கு விளங்கவில்லை," என்றாள் நோலீன். "எனக்குத்தான் விளங்கியது. சங்கிலியை நான்தான் போட்டேன். ஆட்டுக்குட்டிகள் மார்கழியில்தான் விலைக்கு வரும். அதுவரைக்கும் நோட்டீஸ் கையில் விழாமல் இருந்தால் போதும்."

மலர்ச்சாலைக்குள் ஜெயபாலன் தேவாரத்தைத் தொடங்கிவிட்டார். கணீரென்ற குரல் யன்னல் வழியாக வந்தது.

"பூட்டு ஒருதரம் சரி, இரண்டுதரம் சரி," என்று கென் தொடர்ந்தார். "மூன்றாந்தரமும் பூட்டென்றால் கந்தோரில் சந்தேகப்படுவார்களே என்று நானாக யோசித்தேன். உழவு இயந்திரத்தைக் குறுக்கே விட்டேன். அது போதாதென்று துவக்கையும் எடுத்தேன். மரத்தைப் பார்த்துத்தான் சுட்டேன் அம்மா. சத்தியமாக மரத்தைத்தான். காருக்குள் ஒரு பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது. வெடித்த பிறகுதான் உன் முகம் கீழே போவதைக் கண்டேன்."

"கண்டதோடு சரி," என்றாள் நோலீன். "சுட்ட வேகத்தில் பின்பக்கமாகச் சேற்றில் விழுந்தார். கால் இரண்டும் வானத்தைப் பார்க்க. துவக்கு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். உங்கள் அப்பா எல்லாவற்றையும் காரின் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார்."

ரதிதேவி படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்றிரவே போன் பண்ணினார்," என்றார் கென். "அப்படி ஏச்சு நான் என் தகப்பனிடம்கூட வாங்கியதில்லை. அவ்வளவும் நல்ல ஆங்கிலத்தில். 'என் மகள் காரில் இருந்தாள் மிஸ்டர் மக்காலே.' திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு சத்தம் நின்றது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். நிறுத்த முடியவில்லை அவருக்கு. வளைவில் காரை விட்டு இறங்கி நின்று சிரித்தாராம். நீ காணக்கூடாதென்று."

வேலியைப் பிடித்த கைகள். அவளுக்குக் காட்டிய முதுகு. குலுங்கிக்கொண்டே இருந்த தோள்கள்.

"எனக்குச் சொல்லவில்லையே," என்றாள். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எப்படிச் சொல்வார்? தெரிந்தால் வேலை போயிருக்கும். அதற்குள் உன்னையும் இழுப்பாரா?" கென் தொப்பியைச் சுழற்றினார். "உழவு இயந்திரம் பழுதாகி வழியை மறித்து நிற்கிறது என்று கந்தோரில் எழுதிக்கொடுத்தாராம். புது நோட்டீஸ், புதுத் தேதி என்று இழுபட்டு மார்கழி வந்துவிட்டது. குட்டிகள் போயின. வாடகையைக் கட்டினோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம்."

"பக்கத்துப் பண்ணைத் தாத்தா?" ரதிதேவி மெல்லக் கேட்டாள். "கழுத்துப்பட்டியோடு நின்றவர்?"

கென் நோலீனைப் பார்த்தார்.

"அவருக்கும் உன் அப்பா போன் பண்ணினார்," என்றாள் நோலீன். "அவருக்கும் விளங்கியது. கடன்காரன்போலப் படலையைப் பூட்டிக்கொண்டு ஒளிக்க அவருக்கு மனம் வரவில்லை. திறந்து வைத்துவிட்டு நின்றார்."

தெருவில் ஒரு பஸ் போனது. ரதிதேவி கொளுவியைத் தூக்கினாள். படலையை அகலத் திறந்தாள்.

"வாங்கோ," என்றாள்.

*

கென் நேரே நடந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். சித்தப்பாவின் கண்கள் கேள்விக்குறியாகின. ஜெயபாலன் தேவாரத்தை நிறுத்திவிட்டார்.

"நான் ஒரு விஷயம் சொல்லவேண்டும்," என்றார் கென் சபையைப் பார்த்து.

ரதிதேவி சட்டென்று அவருடைய கோட்டுக் கையைப் பிடித்தாள். "இரண்டாம் வரிசையில், உயரமானவர்," என்று காதோடு சொன்னாள். "அப்பாவின் மேலதிகாரி."

கென் இரண்டாம் வரிசையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவர் தொப்பி இரண்டு சுற்றுச் சுற்றியது.

"மிஸ்டர் சிங்கம் எங்கள் பண்ணைக்கு வந்தபோதெல்லாம்," என்றார், "எங்கள் படலை மூடியிருந்தது. மழைக்குள் அவ்வளவு தூரம் வந்த மனிதரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வந்தேன். அவ்வளவுதான்."

இரண்டாம் வரிசை உயரமானவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து நெடுநேரம் மூக்கைத் துடைத்தார். உதட்டோரத்தில் வந்தது சிரிப்பா என்பதை அந்தக் கைக்குட்டை மறைத்துவிட்டது.

பெண்கள் எழுந்தார்கள். பித்தளைத் தட்டில் பச்சையரிசி. அம்மா முதலில் போட்டாள், பிறகு ரதிதேவி, பிறகு உறவுப் பெண்கள் ஒவ்வொருவராக. வரிசை குறையக் குறைய, கடைசியில் ஒரு வெள்ளைத் தலை நின்றது. மற்றவர்கள் நின்றதால் நோலீனும் நின்றிருந்தாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

"பிள்ளை," என்று சித்தப்பா கிசுகிசுத்தார். "அந்த மனிசியை இருக்கச் சொல்லு. உரித்துக்காரர் மட்டும்."

"எங்க ஊர்ல..." என்று ஜெயபாலன் தொடங்கினார்.

"ஆர் பிள்ளை இவ?" அம்மா கேட்டாள்.

ரதிதேவி நோலீனின் அருகே போய் நின்றாள். "அப்பா தேத்தண்ணி குடிக்காத வீட்டுக்காரி, அம்மா."

கண்மணி நோலீனைக் கால்முதல் தலைவரை பார்த்தாள். முப்பது வருஷமாக அந்த மனுசனின் முறைகளோடு குடித்தனம் நடத்தியவள். எத்தனையோ மாலைகளில், காலையில் கட்டிக்கொடுத்த இடியப்பம் மட்டுமே வயிற்றில் இருக்க, அவர் வாடிப்போய் வீட்டுக்கு வந்ததைக் கண்டவள். அவள் எழுந்து நின்றாள். நோலீனின் கையைப் பிடித்து விரித்தாள். தட்டிலிருந்து அரிசியை அள்ளி அந்த உள்ளங்கையை நிரப்பினாள்.

"போடச் சொல்லு."

சித்தப்பா வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"வாயில் வைக்கவேண்டும்," என்று ரதிதேவி நோலீனுக்குச் சொன்னாள். "கொஞ்சமாக."

நோலீன் குனிந்தாள். பால் கறந்து, ஆட்டு மயிர் கத்தரித்துக் காய்த்துப்போன விரல்கள் அரிசியை மெல்ல வைத்தன. ஒரு மணி உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளினாள். பிறகும் அவள் உடனே நகரவில்லை. கோப்பையை நீட்டிவிட்டுப் படலையடியில் நிற்பாளே, அதேபோல ஒரு கணம் நின்றாள். மறுத்து அவர் வழக்கமாகச் சொல்கிற அந்த நான்கைந்து சொற்களுக்காகக் காத்திருப்பவள்போல.

பிறகு நிமிர்ந்து, கையில் மிஞ்சிய அரிசியைத் தட்டில் போட்டுவிட்டு, வழிவிட்டாள்.

*

பிணவண்டி முன்னால் மெதுவாக ஊர்ந்தது. பின்னால் அப்பாவின் கொறோனா. ஓட்டியவர் சித்தப்பா, பின்சீட்டில் அம்மா, முன்சீட்டில் ரதிதேவி. காருக்குள் இன்னும் அப்பாவின் தைல மணம் இருந்தது.

"ஆர் பிள்ளை அந்த வெள்ளையர்?" சித்தப்பா கேட்டார். "வண்டி முழுக்கச் சேறு. உழவு இயந்திரம் விக்கிறவரோ?"

"இல்லை சித்தப்பா. குடியேற்றக்காரர்."

"உங்கடை அப்பரை நல்லாத் தெரியும்போலை."

ரோசாச்செடிகள் பின்னால் நகர்ந்தன. தெருவோரத்துக்கு வந்ததும் கார் வேகம் குறைந்தது. ரதிதேவியின் இடது கை தானாகவே எழுந்து கதவுப் பிடிக்குப் போனது. இறங்கவேண்டும், திறக்கவேண்டும்.

படலை ஏற்கெனவே திறந்திருந்தது. கென் மக்காலே அதை வேலியோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றக் கையில் தொப்பி, நெஞ்சோடு. பிணவண்டி தாண்டியது. கொறோனா தாண்டியது.

அவள் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிக் காரும் தாண்டியதும், கென் படலையை மெல்ல இழுத்துச் சாத்திக் கொளுவியை மாட்டினார்.

அவர் வந்தபோது அது மூடியிருந்தது.